காரைக்குடியில் எம்பிபிஎஸ் விண்ணப்பம் போட நான் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் கடை

காரைக்குடியில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் கடைக்குப் பஞ்சம் இல்லை. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு நடை நடந்தால் ஜெராக்ஸ், லேமினேஷன், பான் கார்டு, ரயில் டிக்கெட், நீட் எல்லாம் ஒரே பலகையில் எழுதியிருக்கும். மற்ற வேலைக்கு எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் போகலாம். நீட் விண்ணப்பத்துக்கும், அதற்கப்புறம் வரும் எம்பிபிஎஸ் கலந்தாய்வு விண்ணப்பத்துக்கும் மட்டும் கண்ட கடைக்கும் பிள்ளைகளை அனுப்பாதீர்கள் என்பேன். பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாம் யாரும் பார்த்து அடித்துவிடலாம். ‘பிரிவு’ என்று ஒரு கட்டம் வருகிறதே, அங்கேதான் பிள்ளையின் ஒரு வருஷம் கைநழுவிப் போகிறது.

நான் கல்லல் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. நீட் எழுதும் பிள்ளைகளை விண்ணப்பம் போட நானே கூட்டிக்கொண்டு போவது வழக்கம். பாதிப் பேர் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இல்லை. அப்பா கூட வந்தாலும், ‘டீச்சர் சொல்றபடி போடுங்க’ என்று ஒதுங்கி நின்றுகொள்வார். டீச்சர் சொல்கிறபடி போடக்கூடாது, பிள்ளைக்கே தெரிந்து போட வேண்டும் என்று சொல்கிற கடை ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன். அதற்குத்தான் இந்த விமர்சனம்.

செக்காலை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், பழைய வீடு ஒன்றின் திண்ணையை அடைத்துக் கட்டிய கடை. மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு பிரிண்டர். நடத்துகிறவர் நாற்பது வயதுள்ள ஒரு அக்கா. உதவிக்கு அவருடைய தம்பி. பெயரைப் போட வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டார். விண்ணப்பக் காலத்தில் இப்போது வரும் கூட்டத்துக்கே அவரால் நின்று நிதானமாகச் செய்ய முடியவில்லையாம். அந்தப் பக்கம் போய்த் திண்ணைக் கடை என்று கேட்டால் காட்டிவிடுவார்கள்.

உள்ளே போனதும் அக்கா எடுத்துக் கொடுப்பது அரைத் தாள் அச்சடித்த ஒரு சீட்டு. நான் இந்தக் கடைக்குத் திரும்பத் திரும்பப் போவது அந்தச் சீட்டுக்காகத்தான். சாதிச் சான்றிதழில் உங்கள் சமூகத்தின் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்து மாறாமல் எழுதவும். சான்று கொடுத்த வட்டம், மாவட்டம். அப்பா என்ன வேலை, அம்மா என்ன வேலை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒவ்வொரு வகுப்பும் எந்தப் பள்ளி. கீழே, ‘இதை மாணவர் தன் கையால் நிரப்ப வேண்டும்’ என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. அப்பாமார் கை நீட்டினால், ‘நீங்க இப்படி உக்காருங்கண்ணே, பிள்ளை எழுதட்டும்’ என்று ஸ்டூலைக் காட்டிவிடுவார்.

மற்ற கடைகளில் எப்படி நடக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பத்துப் பேர் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், ‘என்ன கம்யூனிட்டி?’ என்று சத்தமாகக் கேட்பார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் புதிதாக ஒருவரைப் பார்த்தால், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதே அதைத் தெரிந்துகொள்ளத்தான். வகுப்பில் கணீரென்று பதில் சொல்கிற பெண், அங்கே உதட்டை மட்டும் அசைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பக்கத்து ஊரான புதுக்கோட்டையில் மகாராஜா கல்லூரியில் சேர முத்துலட்சுமி ரெட்டி போனபோது, அவர் பெண் என்பதோடு யாருடைய மகள் (அம்மா தேவதாசி மரபில் வந்தவர்) என்பதையும் சொல்லித்தான் எதிர்ப்புக் கிளம்பியது. அதையெல்லாம் தாண்டி 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் டாக்டராக வெளியே வந்தார். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் டாக்டருக்குப் படிக்க வரும் பிள்ளையைக் கடையில் கூசவைத்தால் எப்படி? இந்தக் கடையில் சாதிப் பெயர் வாயால் பேசப்படுவதே இல்லை. சீட்டில் எழுதுகிறார்கள், அக்கா படிக்கிறார், விரலால் தொட்டுக் காட்டிச் சந்தேகம் கேட்கிறார். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது.

சீட்டு வந்த பிறகுதான் உண்மையான வேலை. நம் மாநிலத்தில் பிசி, எம்பிசி என்று பேசிப் பழகிய பிள்ளைகள் நீட் விண்ணப்பத்தைத் திறந்தால் அந்தப் பெயர்களே அதில் இருக்காது. பொது, பொருளாதாரத்தில் நலிந்தோர், ஓபிசி கிரீமிலேயர் அல்லாதோர், எஸ்சி, எஸ்டி என்றுதான் இருக்கும். அது மத்திய அரசுப் பட்டியல். பிசி, எம்பிசி பிள்ளை ஓபிசி என்று போட வேண்டுமானால் சமூகத்தின் பெயர் மத்தியப் பட்டியலிலும் இருக்க வேண்டும், பெற்றோர் கிரீமிலேயரில், அதாவது வசதி படைத்தவர் என்ற கணக்கில், வரக்கூடாது, மத்திய அரசுப் படிவத்தில் தனியாக ஒரு ஓபிசி சான்றிதழும் வாங்க வேண்டும். நம்மிடம் இருக்கும் சாதிச் சான்று நிரந்தரமானது. ஓபிசி சான்று அப்படியில்லை, குடும்பத்தின் இப்போதைய நிலையைச் சொல்வது, புதிதாக எடுக்க வேண்டும். வருமான வரம்பு 8 லட்சம் என்றதும் பயந்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது என்பதை அக்கா ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்கிறார். அரசு வேலையில் உள்ளவர்களுக்குப் பதவியின் தரத்தை வைத்து வேறு விதி உண்டு, அதையும் கேட்டுக்கொள்கிறார். அப்பா, அம்மா வேலை என்னவென்று சீட்டில் கேட்பது அதற்குத்தான்.

மாவட்டம் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. சீர்மரபினர் பட்டியலில் பல சமூகங்களுக்குப் பக்கத்தில் இன்னின்ன மாவட்டம் என்று போட்டிருக்கும். செட்டிநாட்டு ஊர்களோ சிவகங்கை மாவட்டத்திலும் புதுக்கோட்டை மாவட்டத்திலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. பெண் கொடுத்து எடுப்பது எல்லாம் இந்த எல்லைக்கு இரண்டு பக்கமும்தான். அண்ணன் தம்பி பிள்ளைகளின் சான்றுகளை வைத்துக்கொண்டு, ‘அவனுக்கு இப்படிப் போட்டிருக்கு, எனக்கும் அப்படியே போடுங்க’ என்று வருகிறவர்களை அக்கா திருப்பி அனுப்பி, சொந்தச் சான்றை எடுத்துவரச் சொல்கிறார்.

இது தெரியாத கடையில் என்ன நடக்கும் என்பதற்கு என் மாணவன் ஒருவனே சாட்சி. எம்பிசி என்று சொல்லியிருக்கிறான். அந்தக் கடைக்காரர் திரையில் எம்பிசி இல்லை என்று பொதுப் பிரிவைத் தட்டிவிட்டார். 1600 ரூபாய் கட்ட வேண்டிய பையனிடம் 1700 வாங்கியது சின்ன விஷயம். பிழை திருத்த தேசியத் தேர்வு முகமை சில நாள் அவகாசம் கொடுக்கும். அந்தத் தகவலே இவனுக்கு வரவில்லை. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் கடைக்காரர் தன்னுடையதைப் போட்டிருக்கிறார்! மாநிலக் கலந்தாய்வில் சாதிச் சான்றைப் பார்ப்பார்கள் என்பதால் அங்கே பையன் தப்பித்தான். அகில இந்திய ஒதுக்கீட்டில், 27 சதவீத ஓபிசி இடங்கள் இருந்தும், பொதுப் பிரிவிலேயே நின்றான். அவன் அப்பா லாரி டிரைவர். ‘அவங்க படிச்சவங்க, சரியாத்தான் போடுவாங்கன்னு நெனச்சேன் டீச்சர்’ என்றார். அந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை. திண்ணைக் கடையில் மின்னஞ்சல் இல்லாத பிள்ளைக்கு முதல் வேலையாக அதைத் தொடங்கிக் கொடுத்து, கடவுச்சொல்லைப் பிள்ளையின் நோட்டில் எழுத வைக்கிறார்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளி கேட்பது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்காக. நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 2020-இல் வந்த சட்டம் அது. எங்கள் பிள்ளைகள் டாக்டராவது அதனால்தான். மற்ற எல்லா ஒதுக்கீட்டுக்கும் உள்ளேயே அது ஓடுகிறது, கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால் பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் அது ஒரு தனிச் சிக்கல். நகரத்தார் ஊருக்கு ஊர் கட்டிக் கொடுத்த பள்ளிகளில் பல, அரசு உதவி பெறுபவை. பேச்சில் எல்லாவற்றையும் கவர்மென்ட் ஸ்கூல் என்றுதான் சொல்வோம். சட்டத்தின் கணக்கில் உதவி பெறும் பள்ளி சேராது. எட்டாம் வகுப்பு வரை அப்படி ஒரு பள்ளியில் படித்துவிட்டு எங்களிடம் வந்த பெண் ஒருத்தி இந்தச் சீட்டை நிரப்பும்போதுதான் தனக்கு அந்த ஒதுக்கீடு இல்லை என்று தெரிந்துகொண்டாள். அழுதாள். கலந்தாய்வு வரைக்கும் நம்பிக்கையோடு போய் அங்கே தெரிந்திருந்தால் அவளை யார் தேற்றுவது? அக்கா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பிசி பிரிவில் போன ஆண்டு எந்த மதிப்பெண் வரை இடம் கிடைத்தது என்று காட்டி, எவ்வளவு எடுத்தால் எங்கே வரலாம் என்று அவளோடு பேசிக்கொண்டிருந்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

சிறுபான்மை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு கிறித்தவக் குடும்பம் வந்திருந்தது. உறவுக்காரர்களில் இந்து ஆதிதிராவிடராக இருப்பவர்கள் எஸ்சி, இவர்களோ மதம் மாறியவர்கள் என்பதால் மாநிலப் பட்டியலில் பிசி. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி எஸ்சி என்பது இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கு மட்டும்தான். சிறுபான்மையினர் என்பதால் தனி ஒதுக்கீடு இருக்கும் என்று அந்தப் பையன் நினைத்திருந்தான். தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு பிசி பிரிவுக்குள்ளேயே 3.5 சதவீதம் இருக்கிறது. கிறித்தவர்களுக்கும் 2007-இல் கொடுத்தார்கள், 2008-இல் அவர்களே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார்கள். வேலூர் சிஎம்சி போன்ற சிறுபான்மைக் கல்லூரிகளில் இடங்களுக்கு வேறு நடைமுறை. இவ்வளவையும் அக்கா அந்தப் பையனிடம் சொன்னார். அவன் அம்மா, ‘நாம யாருன்னு கவர்மென்ட்டுக்கு நாமளே சொல்ல முடியாதா?’ என்று கேட்டார். அது நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன்.

நாமே சொல்கிற ஊரும் இருக்கிறது. இதே கடையில் காத்திருந்தபோது நியூ ஜெர்சியிலிருந்து என் அண்ணன் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே மருத்துவக் கல்லூரிக்கு எம்கேட் என்று ஒரு தேர்வு. அதற்குப் பதிவு செய்யும்போது, சிறுபான்மை விண்ணப்பதாரர் பதிவேட்டில் உன் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டார்களாம். மெட்-மார் என்பது அதன் சுருக்கப் பெயர், அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்தியது. அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களும் மட்டும் சேர முடிந்தது. கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், அமெரிக்கப் பூர்வகுடிகள், ஹவாய், பசிபிக் தீவுகளைச் சேர்ந்தவர்கள் என்று டாக்டர் தொழிலில் குறைவாக உள்ள சமூகங்களுக்கானது. அதோடு, பொருளாதாரத்தில் பின்தங்கியவர் என்று தன்னைக் கருதுகிற யாரும் சேர முடிந்தது. சேர்ந்தவரைப் பற்றிய அடிப்படை விவரமும் மதிப்பெண்ணும் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போயின. விருப்பமுள்ள கல்லூரி தானே தொடர்புகொண்டது.

‘இந்தியர்களுக்கு அதுல இடம் இல்லை அத்தை. ஆனா அப்பா மளிகைக் கடையில வேலை பாக்குறாரு. நான் பின்தங்கினவளா இல்லையா?’ என்று கேட்டாள்.

நான் யோசிப்பதற்குள் அக்கா திரும்பி, ‘அங்க சர்டிபிகேட் யாரு தருவா?’ என்றார்.

‘யாரும் தர வேண்டாம். நானே சொன்னாப் போதும்.’

‘தாசில்தார் கையெழுத்து?’

‘இல்லை அக்கா. எழுதினது எல்லாம் உண்மைன்னு நான் கையெழுத்துப் போடணும். பொய்னு தெரிஞ்சா காலேஜ் சீட்டு போயிடும்.’

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், ‘அப்ப அதுல எத்தனை சீட்டு?’ என்று கேட்டார். ஒரு சீட்டும் கிடையாது என்றாள் இவள். அது இடஒதுக்கீடு இல்லை, பெயரைத் தெரிவிப்பதோடு சரி. கலிபோர்னியாவின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடத்தில் 16-ஐத் தனியாக ஒதுக்கியதை 1978-இல் பாக்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 2023 ஜூனில் ஹார்வர்டு வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு, இனத்தை ஒரு காரணமாக வைத்து இடம் கொடுக்கவே கூடாது. தான் பட்ட அனுபவத்தைக் கட்டுரையில் எழுதலாம், அவ்வளவுதான்.

நம் ஊர்க் கதையும் மருத்துவக் கல்லூரியில் தொடங்கியதுதான். ஒவ்வொரு பதினான்கு இடத்தையும் சமூகவாரியாகப் பிரித்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தள்ளியது. தமிழ்நாடு கொதித்தது. அதே ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து ஒதுக்கீட்டுக்கு வழி பிறந்தது. 1994-இல் 69 சதவீதச் சட்டத்தை அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துக் காப்பாற்றினோம். பிசி 26.5, பிசி முஸ்லிம் 3.5, எம்பிசி, சீர்மரபினர் 20, எஸ்சி 15, அருந்ததியர் 3, எஸ்டி 1 என்று இந்தக் கடைச் சுவரில் பெரிய அட்டையே ஒட்டியிருக்கிறார்கள். இவ்வளவு இடம் எண்ணிக் கொடுக்கும்போது சான்றிதழ் கேட்காமல் முடியாது. கேட்காவிட்டால் வாய் உள்ளவன் அள்ளிக்கொண்டு போய்விடுவான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அந்த அமெரிக்கப் பதிவேட்டில் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. சேர்க்கட்டுமா, வேண்டாமா என்று பிள்ளையிடமே கேட்டார்கள். யாருக்குப் போகும், எதற்குப் போகும் என்று சொல்லிவிட்டுக் கேட்டார்கள். என் அண்ணன் மகள் ஒரு வாரம் யோசித்து, அப்பாவிடம் பேசி, சேர்கிறேன் என்று போட்டாள். இங்கே அப்படி நின்று யோசிக்க ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்கு யார் நேரம் கொடுக்கிறார்கள்? எனக்குத் தெரிந்து இந்தத் திண்ணையில்தான். விண்ணப்பத்தைக் கடைசியாக அனுப்பும் முன் அக்கா பிரிவுப் பக்கத்தை மட்டும் அச்செடுத்துப் பிள்ளை கையில் கொடுக்கிறார். படித்துப் பார்த்து, புரிந்தது என்று அதில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பொத்தானைத் தட்டுவார். புரியவில்லை என்றால் நாளைக்கு வா என்பார். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போதுகூட அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்தப் பிள்ளை மறுநாள் சரியான சான்றோடு வந்தது.

கட்டணம் நியாயம்தான். நீட் விண்ணப்பத்துக்குக் கடைக்கூலி 150 ரூபாய். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று போன்றவற்றுக்கு அரசு இ-சேவைக் கட்டணம் 60 ரூபாய். அதை எங்கே போடுவது என்றும் அக்காவே சொல்லி அனுப்புகிறார். ஸ்கேன் பக்கத்துக்கு 10 ரூபாய் என்பது எனக்கு ஒப்பவில்லை. கலந்தாய்வு விண்ணப்பத்துக்கு ஏகப்பட்ட சான்று ஏற்ற வேண்டியிருக்கும், கூலி வேலைக்குப் போகிற வீட்டுக்கு அது பாரம். மொத்தமாக ஒரு தொகை என்று வைக்கலாம்.

குறைகளும் இருக்கின்றன. கடைசி வாரத்தில் போனால் மதியச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான். ஒரே ஸ்கேனர், அது சூடாகி நின்றுவிட்டால் தம்பி மின்விசிறியைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். கரண்ட் போனால் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் இன்வெர்ட்டர். பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை வசதி இல்லை. திண்ணைக்கு ஏறும் படி உயரம், கால் முடியாத ஒரு மாணவனைத் தூக்கித்தான் உட்கார வைத்தோம். அந்தப் படிக்கு ஒரு சாய்தளம் போட அக்கா ஏற்பாடு செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன், அக்காவிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன். சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள், நல்லது. ஆனால் ஸ்கேன் செய்த சாதிச் சான்று, ஆதார், அப்பாவின் வருமானச் சான்று எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கின்றன. மாசக் கடைசியில் மொத்தமாக அழிப்பதாகச் சொல்கிறார்கள். அதற்குள் எத்தனையோ பேர் அந்தத் திரைமுன் உட்கார்ந்து எழுந்துவிடுகிறார்கள். வாயால் கேட்காமல் சீட்டில் எழுத வைத்த கடை இதையும் அன்றன்றைக்கே செய்ய வேண்டும். அது நடக்கும்வரை போகிறவர்கள் ஒரு பென்டிரைவ் கொண்டுபோங்கள். உங்கள் கோப்புகளை அதில் வாங்கிக்கொண்டு, கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். கேட்டால் தம்பி முகம் சுளிக்காமல் செய்து கொடுக்கிறார். காலை பத்து மணிக்குத் திறக்கிறார்கள், பிள்ளையின் அசல் சாதிச் சான்றும் பிள்ளையும் கட்டாயம் கூட வர வேண்டும்.